வேரில் குடியிருக்கும் பூஞ்சை பயிரை நோயிலிருந்து காப்பது எப்படி?

ஒரு தக்காளிச் செடியின் வேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை இடது தொட்டியிலும் மறுபாதியை வலது தொட்டியிலும் ஊன்றுகிறார்கள். தண்டும் இலைகளும் பொது. வேர் மட்டும் இரண்டு தனித்தனி மண்ணில் இறங்குகிறது. இடது தொட்டியில், வேரோடு இணைந்து வாழும் ஒரு பூஞ்சையைச் சேர்க்கிறார்கள். அது வேருக்குள் நன்றாகப் பரவியதும், வலது தொட்டியில் வேரழுகலை உண்டாக்கும் பைட்டாஃப்தோரா என்ற கிருமியை விடுகிறார்கள். இரண்டு மண்ணும் எங்கும் தொட்டுக்கொள்ளவில்லை. வலப்பக்க வேரில் அந்தப் பூஞ்சை கிடையாது. ஆனாலும் அந்தப் பக்கம் அழுகல் குறைகிறது.

பிரான்சின் டிஜோன் நகர ஆய்வாளர்கள் 1998-இல் வெளியிட்ட சோதனை இது. வேர்ப் பூஞ்சைகளைப் பற்றி முதன்முதலாகப் படிப்பவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. பூஞ்சை கிருமியைக் கொன்றுவிட்டது என்ற எளிய விடை இங்கே எடுபடாது. இரண்டும் சந்திக்கவே இல்லையே! கிருமியை மறித்தது செடிதான். அந்தச் செடியை முன்கூட்டியே விழிப்பாக வைத்திருந்தது பூஞ்சை. இது மனத்தில் பதிந்துவிட்டால், இத்தகைய பூஞ்சைகளை எப்போது இட வேண்டும், அவற்றிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதெல்லாம் எளிதாக விளங்கும்.

யார் இந்தப் பூஞ்சைகள்?

பூஞ்சையின் உடல் என்பது மெல்லிய இழைகளின் பின்னல். மண்ணுக்கு மேலே தலைகாட்டும் காளான், சில வகைப் பூஞ்சைகளின் இனப்பெருக்க உறுப்பு மட்டுமே. உண்மையான உடல் கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. பயிர்நோய்களில் பெரும்பகுதி பூஞ்சைகளால் வருவதால், வேரில் பூஞ்சை என்றாலே கெடுதல் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் நலமாக வளரும் பெரும்பாலான பயிர்களின் வேர்களில் பூஞ்சை இருப்பதுதான் இயல்பு. இல்லாமல் இருப்பதுதான் விதிவிலக்கு.

நன்மை செய்யும் வேர்ப் பூஞ்சைகளில் பயிர்களுக்கு மிக முக்கியமானது மைக்கோரைசா. வேளாண்மையில் இதை வேர் உட்பூசணம் என்றும் சுருக்கமாக வேம் என்றும் சொல்கிறார்கள். நிலத்தாவர இனங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இந்தப் பூஞ்சைகளோடு கூட்டு வைத்திருக்கின்றன. கோதுமை, மக்காச்சோளம், சோளம், பயறு வகைகள், தக்காளி, மிளகாய், வெங்காயம், பருத்தி, வாழை என்று பட்டியல் நீளும். நெல்லிலும் உண்டு, ஆனால் தண்ணீர் தேங்கி நிற்கும் வயலில் குறைவு.

இந்த உறவு நேற்று முளைத்ததல்ல. ஸ்காட்லாந்தில் ரைனி என்ற ஊரில் கிடைத்த, 40 கோடி ஆண்டுப் பழமை கொண்ட கற்படிவங்களில், இன்றைய வேர் உட்பூசணத்தை ஒத்த பூஞ்சை அமைப்புகள் செடித் திசுவுக்குள் அப்படியே பதிந்திருக்கின்றன. அந்தச் செடிகளுக்கு இன்று நாம் காணும் வேர் என்ற உறுப்பே முழுமையாக உருவாகியிருக்கவில்லை. வேர் தோன்றுவதற்கு முன்பே வேர்ப் பூஞ்சை வந்துவிட்டது என்பது எனக்கு இன்றும் வியப்பூட்டும் செய்தி. ஆனால் அறிவியல் இதை ஏற்றுக்கொள்ளக் காலம் பிடித்தது. மரங்களின் வேர்களை ஆராய்ந்த ஜெர்மானியத் தாவரவியலாளர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க் 1885-இல் இந்தக் கூட்டுக்கு மைக்கோரைசா என்று பெயரிட்டு, இது நோயல்ல, இரு தரப்புக்கும் பயன் தரும் வாழ்க்கை என்று எழுதியபோது, அவர் காலத்து அறிஞர்கள் பலர் அதை மறுத்தார்கள்.

இன்னொரு முக்கியமான பூஞ்சை டிரைக்கோடெர்மா. இது மைக்கோரைசாவிலிருந்து பெரிதும் வேறுபட்டது. பிழைப்புக்கு உயிருள்ள வேரை நம்பி இருப்பதில்லை. மட்கும் இலைதழை, இறந்த வேர், பிற பூஞ்சைகளின் உடல் என்று எதையும் தின்று வாழும். பயிர் வேர் கிடைத்தால் அதன் மேற்பரப்பிலும் வெளி அடுக்குச் செல்களிலும் குடியேறும். இதைப் பற்றிப் பிறகு விரிவாகப் பார்ப்போம்.

செடி அழைக்கிறது, பூஞ்சை வருகிறது

மைக்கோரைசாப் பூஞ்சை தற்செயலாக வேரில் ஒட்டிக்கொள்வதில்லை. செடிதான் அதை அழைக்கிறது. மண்ணில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) போதாதபோது, வேர் ஸ்டிரைகோலாக்டோன் என்ற வேதிப்பொருளை மிக நுண்ணிய அளவில் மண்ணில் கசியவிடுகிறது. அருகே முளைத்துக் கிடக்கும் பூஞ்சை இழை அதை உணர்ந்ததும் சுறுசுறுப்படைந்து, பல கிளைகளாகப் பிரிந்து, வேரைத் தேடி வருகிறது. இந்த அழைப்புச் சமிக்ஞையை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2005-இல் கண்டறிந்தார்கள்.

ஆனால் அந்த வேதிப்பொருள் அதற்கு வெகுகாலம் முன்பே வேறொரு காரணத்துக்காக அறிவியலாளர்களுக்கு அறிமுகமாகியிருந்தது. சோளப் பயிரின் வேரை உறிஞ்சி வாழும் சுடுமல்லி என்ற ஒட்டுண்ணிக் களையின் விதைகள், இதே பொருளை உணர்ந்துதான் முளைக்கின்றன. நண்பனுக்கு அனுப்பிய அழைப்பைப் பகைவன் ஒட்டுக்கேட்கிறான்! இதில் பயிருக்கு ஓர் ஆறுதலும் இருக்கிறது. வேரில் பூஞ்சை நன்றாகக் குடியேறிவிட்டால் செடி இந்தக் கசிவைக் குறைத்துக்கொள்கிறது. மைக்கோரைசா குடியேறிய சோளத்திலும் மக்காச்சோளத்திலும் சுடுமல்லித் தாக்குதல் குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நோயையோ களையையோ நேரடியாகத் தொடாமலேயே பாதுகாப்பு கிடைக்கும் வழிகளில் இது ஒன்று.

வேரைத் தொட்ட இழை, மேல்தோல் செல்லின் மீது அழுந்தி உட்கார்ந்து உள்ளே நுழைகிறது. செடி அதற்கு வழி திறந்துவிடுகிறது: பூஞ்சை போக வேண்டிய பாதையைச் செல்லுக்குள் முன்கூட்டியே அமைத்துவைக்கிறது. வேரின் உட்புறத்துப் புறணிச் செல்களை அடைந்ததும், இழை செல்சுவரைத் தாண்டி உள்ளே புகுந்து, மேலும் மேலும் மெல்லிய கிளைகளாகப் பிரிந்து, செல்லையே நிறைத்துவிடும் ஒரு நுண்புதராக மாறுகிறது. இதற்கு ஆர்பஸ்கியூல் என்று பெயர். ஒவ்வொரு கிளையையும் செடியின் மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கிறது. பூஞ்சை செல்லுக்குள் இருந்தாலும், செல்லின் உயிர்ப்பொருளுக்கும் அதற்கும் இடையில் இந்த எல்லை எப்போதும் இருக்கும். கொடுக்கல் வாங்கல் நடப்பது அங்கேதான். ஓர் ஆர்பஸ்கியூலின் ஆயுள் சில நாள்களே. அது சுருங்கி மறைந்ததும் செல் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். பக்கத்துச் செல்லில் புதியது முளைக்கும்.

பூஞ்சை தருவது முதன்மையாக மணிச்சத்து. கூடவே துத்தநாகம், தாமிரம் போன்ற நுண்சத்துகளும் கொஞ்சம் தழைச்சத்தும். மணிச்சத்து மண்ணில் எளிதில் நகராது. வேர் தன்னைச் சுற்றியுள்ள ஓரிரு மில்லிமீட்டர் மண்ணில் இருப்பதை உறிஞ்சிவிட்டால், அந்த வளையம் வெறுமையாகிவிடும். பூஞ்சை இழை வேரைவிடப் பல மடங்கு மெல்லியது. வேர் நுழைய முடியாத மண்துளைகளில் நுழைந்து, அந்த வெறும் வளையத்தைத் தாண்டிப் பல சென்டிமீட்டர் தூரம் போய்ச் சத்தைக் கொண்டுவருகிறது. பதிலுக்குச் செடி, ஒளிச்சேர்க்கையில் தான் உண்டாக்கிய கரிமப் பொருளில் 4 முதல் 20 விழுக்காடு வரை பூஞ்சைக்குக் கொடுக்கிறது. சர்க்கரை மட்டுமல்ல, கொழுப்பமிலங்களும் போகின்றன; இவற்றைத் தானே தயாரித்துக்கொள்ள இந்தப் பூஞ்சைகளால் முடியாது என்பதும் செடிதான் கொடுக்கிறது என்பதும் 2017-இல் உறுதியாயின. உயிருள்ள வேர் இல்லாமல் மைக்கோரைசாவை வெறும் ஆய்வகத் தட்டில் வளர்த்துப் பெருக்க முடியாததற்கு இந்தச் சார்புநிலை முக்கியக் காரணம்.

நோய் எதிர்ப்பு எங்கிருந்து வருகிறது?

முதலில் எளிதானவற்றைச் சொல்லிவிடுகிறேன். சத்து நன்றாகக் கிடைக்கும் செடி, கிருமி அழித்த வேருக்குப் பதிலாகப் புது வேரை விரைவில் விடுகிறது. இது உண்மைதான், ஆனால் முழு விளக்கம் அல்ல. பூஞ்சை இல்லாத செடிக்கு மணிச்சத்தை உரமாகக் கொடுத்து வளர்ச்சியைச் சமப்படுத்தினாலும், பூஞ்சை உள்ள செடிக்குக் கிடைக்கும் அதே பாதுகாப்பு அதற்குக் கிடைப்பதில்லை.

அடுத்தது இடப்போட்டி. வேர் என்பது வரம்புள்ள இடம். அதிலிருந்து வரும் உணவும் வரம்புள்ளது. முதலில் வந்து உட்கார்ந்தவருக்கே அது கிடைக்கும். டிஜோன் சோதனைகளில் தக்காளி வேரை நுண்ணோக்கியில் பார்த்தபோது, ஆர்பஸ்கியூல் இருந்த செல்களில் பைட்டாஃப்தோரா நுழைந்திருக்கவே இல்லை. வேர்முடிச்சு நூற்புழுக்களும் மைக்கோரைசா முன்னமே குடியேறிய வேரில் பல சோதனைகளில் குறைவாகவே பெருகியிருக்கின்றன.

ஆனால் பிரித்து நட்ட வேரின் மறுபாதியில் கிடைத்த பாதுகாப்பை இவை எதுவும் விளக்காது. அங்கே சத்தும் பொது, செடியும் பொது, இடப்போட்டிக்குப் பூஞ்சையும் இல்லை. அந்தப் பாதியை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்த ஆய்வாளர்கள், கிருமியின் இழை செல்லைத் துளைக்க முயன்ற இடங்களில் செல்சுவர் தடித்திருப்பதைக் கண்டார்கள். உள்ளே நுழைந்த இழையைச் சுற்றிக் கேலோஸ் என்ற பொருள் உறையாகப் படிந்து அதை முடக்கியிருந்தது. பாதுகாப்புப் புரதங்களும் அங்கே சேர்ந்திருந்தன. கிருமி வராத இடத்தில் இந்த ஏற்பாடு இல்லை. அதாவது செடி எல்லா இடத்திலும் எப்போதும் சுவர் கட்டிக்கொண்டிருக்கவில்லை. தாக்குதல் நடந்த இடத்தில், நடந்த உடனே கட்டியது.

இந்த நிலையைப் புரிந்துகொள்ள, நன்மைப் பூஞ்சை முதன்முதலில் வேரைத் தொட்ட கணத்துக்குப் போக வேண்டும். செடிக்கு அப்போது வந்திருப்பது நண்பனா பகைவனா என்று உறுதியாகத் தெரியாது. பூஞ்சைச் சுவரில் உள்ள கைட்டின் போன்ற பொருள்களை உணர்ந்ததும், அது எச்சரிக்கை அடைந்து, மெல்லிய எதிர்ப்பைத் தொடங்குகிறது. பூஞ்சையும் சும்மா இருப்பதில்லை. எதிர்ப்பைத் தணிக்கும் புரதங்களைச் சுரக்கிறது. ரைசோஃபேகஸ் என்ற மைக்கோரைசாப் பூஞ்சை சுரக்கும் எஸ்பி7 என்ற புரதம், செடிச் செல்லின் கருவுக்குள்ளேயே போய் எதிர்ப்பைக் கட்டுப்படுத்துகிறது என்பது 2011-இல் தெரியவந்தது. சில நாள்களில் இருவருக்கும் உடன்பாடு ஏற்பட்டு, எதிர்ப்பு அடங்குகிறது. அடங்குகிறதே தவிர, அணைவதில்லை. நீறு பூத்த நெருப்பாக அது உள்ளே கனன்றுகொண்டிருக்கிறது. பிறகு உண்மையான கிருமி வரும்போது, பூஞ்சை இல்லாத செடி பதில் தாக்குதலுக்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தைவிடக் குறைந்த நேரத்தில், கூடுதல் வலுவோடு இந்தச் செடி எழுந்து நிற்கிறது.

இந்த ஏற்பாட்டில் ஒரு சிக்கனம் இருக்கிறது. எதிர்ப்பை எப்போதும் முழு வேகத்தில் வைத்திருக்கும் செடி, தன் உணவை எல்லாம் அதற்கே செலவிட்டுக் குட்டையாகிப் போகும், விளைச்சல் இருக்காது. தயார் நிலையில் இருப்பதற்கு ஆகும் செலவு அதைவிடக் குறைவு.

இனி, எந்த நோய்க்கு இது உதவும், எதற்கு உதவாது என்ற கேள்வி. செடிகளின் எதிர்ப்பில் இரண்டு முக்கியமான சமிக்ஞைப் பொருள்கள் உண்டு. ஒன்று ஜாஸ்மானிக் அமிலம். மற்றொன்று சாலிசிலிக் அமிலம். செல்லைக் கொன்று தின்னும் கிருமிகளையும் இலையைக் கடித்துத் தின்னும் புழுக்களையும் எதிர்க்க முதன்மையாக உதவுவது ஜாஸ்மானிக் அமிலம். செல்லை உயிரோடு வைத்துக்கொண்டு உறிஞ்சும் கிருமிகளையும் வைரஸ்களையும் எதிர்ப்பது பெரும்பாலும் சாலிசிலிக் அமிலத்தின் வழி. மைக்கோரைசா கூர்தீட்டி வைப்பது பெரும்பாலும் ஜாஸ்மானிக் அமில வழியை. ஆகவேதான் வேரழுகல், வாடல் போன்ற மண்வழி நோய்களிலும், தக்காளியில் ஆல்டர்னேரியா உண்டாக்கும் இலைக்கருகலிலும் நல்ல பலன் தெரிகிறது. சாம்பல் நோய், துரு நோய், வைரஸ் நோய்கள் போன்றவற்றில் பலன் குறைவு. சில சோதனைகளில் நோய் சற்றுக் கூடியும் இருக்கிறது. எல்லா நோய்க்கும் ஒரே மருந்து என்று யாராவது மைக்கோரைசாவை விற்க வந்தால், நம்ப வேண்டாம்.

விதிக்கு விலக்கான ஒரு பூஞ்சையும் உண்டு. தார் பாலைவனத்துச் செடி வேர்களிலிருந்து இந்திய ஆய்வாளர்கள் பிரித்தெடுத்து 1998-இல் அறிமுகப்படுத்திய பிரிஃபார்மோஸ்போரா இண்டிகா (இன்றைய பெயர் செரண்டிபிடா இண்டிகா) மைக்கோரைசாவைப் போல வேருக்குள் வாழ்ந்தாலும், தட்டில் தனியாகவும் வளரும். பார்லிப் பயிரில் இதைக் குடியேற்றியபோது வேரைத் தாக்கும் ஃபியூசேரியத்துக்கும் எதிர்ப்பு கிடைத்தது. பூஞ்சையே எட்டாத இலைகளில் சாம்பல் நோயும் குறைந்தது. 2005-இல் வெளியான அந்த ஆய்வு, உவர்ப்பைத் தாங்கும் திறனும் விளைச்சலும் கூடியதாகவும் காட்டியது.

ஒரே மண்ணில் நிற்கும் இரண்டு செடிகளின் வேர்களை ஒரே பூஞ்சை இழைப்பின்னல் இணைத்திருக்கும்போது, ஒன்றுக்கு வந்த நோயை மற்றொன்று முன்கூட்டியே அறிகிறதா? தக்காளிச் செடிகளை வைத்து 2010-இல் வெளியான சோதனையில், ஒரு செடியின் இலையில் ஆல்டர்னேரியா தொற்றியதும், காற்றுவழித் தொடர்பைத் தடுத்த நிலையிலும், இழையால் இணைந்த பக்கத்துச் செடியில் பாதுகாப்பு நொதிகள் உயர்ந்தன. தொட்டியில் இது நடக்கிறது என்பதை ஏற்கலாம். ஆனால் செடிகள் மண்ணுக்கடியில் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன என்று பரவியிருக்கும் கதைகள் இந்தச் சான்றின் எல்லையைத் தாண்டிப் போய்விட்டன என்றே நான் கருதுகிறேன். திறந்த வயலில் இதற்குப் போதிய சான்று இன்னும் சேரவில்லை.

டிரைக்கோடெர்மா: நேரடித் தாக்குதல்

ஓர் ஆய்வகத் தட்டின் ஒரு விளிம்பில் வேரழுகலை உண்டாக்கும் ரைசக்டோனியா என்ற நோய்ப் பூஞ்சையையும் எதிர் விளிம்பில் டிரைக்கோடெர்மாவையும் வைத்தால், நடப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். முதலில் இரண்டும் வெண்ணிற இழைகளாகத் தட்டின் நடுவை நோக்கி வளர்கின்றன. சந்தித்த கோட்டில் ரைசக்டோனியா நின்றுவிடுகிறது. டிரைக்கோடெர்மா நிற்பதில்லை, அதன் மீதே ஏறிப் படர்கிறது. ஒரு வாரத்துக்குள் தட்டு முழுவதும் பச்சை நிறப் பொடியாக வித்துகள் (பூஞ்சை பரவிப் பெருக உதவும் நுண்துகள்கள்) நிறைகின்றன. சில இனங்கள் வளரும் தட்டைத் திறந்தால் தேங்காய் மணம் வீசும். அந்த மணத்தைத் தரும் பைரோன் என்ற பொருளே பிற பூஞ்சைகளின் வளர்ச்சியைத் தடுக்கும் ஆற்றலும் கொண்டது.

சந்தித்த கோட்டை நுண்ணோக்கியில் வைத்தால், டிரைக்கோடெர்மாவின் மெல்லிய இழை, கிருமியின் தடித்த இழையைச் சுற்றிச் சுற்றிக் கொடியாகப் பின்னியிருப்பது தெரியும். கைட்டினேஸ், குளுக்கனேஸ் என்ற நொதிகளைச் சுரந்து கிருமியின் சுவரை அரித்து, உள்ளிருப்பதை உறிஞ்சிக்கொள்கிறது. கலிபோர்னியாவில் எலுமிச்சை வகை நாற்றுகளின் அழுகலை ஆராய்ந்துகொண்டிருந்த ரிச்சர்ட் வைண்ட்லிங் 1932-இல் இந்த ஒட்டுண்ணிப் பழக்கத்தை முதன்முதலாக விவரித்தார். நாற்றழுகல், வேரழுகல், வாடல் நோய்களுக்கு எதிராக உலகெங்கும் மிக அதிகமாகப் பயன்படுத்தப்படும் பூஞ்சை இன்று இதுதான்.

வெகுகாலம் வரை, இது கிருமியைத் தின்பதால் மட்டுமே பயன் தருகிறது என்று நினைத்திருந்தார்கள். பிறகு வெள்ளரி, தக்காளி முதலிய பயிர்களில் நடந்த ஆய்வுகள் இன்னொரு பக்கத்தைக் காட்டின. வேரின் வெளி அடுக்குகளில் குடியேறும் டிரைக்கோடெர்மாவும் செடியின் எதிர்ப்பைத் தூண்டுகிறது. வேரில் இட்ட பூஞ்சையால் இலைநோய் குறைகிறது. மைக்கோரைசாவிடம் பார்த்த அதே விழிப்பு இங்கேயும் வேலை செய்கிறது. நேரடித் தாக்குதல் அதற்கு மேல் ஒரு கூடுதல் பலம்.

வயலில் என்ன நடக்கிறது?

தொட்டியில் கிடைக்கும் பலன் வயலிலும் கிடைக்குமா? இதற்கு எனக்கு மிகவும் பிடித்த பதில் சுவிட்சர்லாந்திலிருந்து 2023-இல் வந்தது. 54 மக்காச்சோள வயல்களில் ஒரே மைக்கோரைசாப் பூஞ்சையை இட்டு, இடாத பகுதியோடு ஒப்பிட்டார்கள். முடிவுகள் வயலுக்கு வயல் மாறின. ஒரு வயலில் வளர்ச்சி 40 விழுக்காடு கூடியது. இன்னொன்றில் 12 விழுக்காடு குறைந்தது. ஏறத்தாழ கால்பங்கு வயல்களில் தெளிவான பலன் இருந்தது. எந்த வயலில் பலன் கிடைக்கும் என்பதை முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று மண்ணின் பல தன்மைகளை அலசியபோது, மிகச் சிறப்பாக முன்னறிவித்தது மண்ணின் மணிச்சத்தோ பிற சத்துகளோ அல்ல. அந்த மண்ணில் நோய்ப் பூஞ்சைகள் எவ்வளவு இருக்கின்றன என்பதுதான். நோய்க்கிருமி மிகுந்த வயலில் பலன் அதிகம். கிருமி குறைந்த வயலில் பலன் குறைவு, அல்லது இல்லை.

இந்த முடிவு பலரை யோசிக்க வைத்தது. மைக்கோரைசா என்றால் மணிச்சத்து என்றுதான் பல பத்தாண்டுகளாகப் பாடம் நடந்துவந்தது. சத்து குறையாத நவீன வயலில் அது ஆற்றும் பெரிய பணி நோய்க் காவலாக இருக்கக்கூடும்.

பயன் கிடைக்காத இடங்களையும் தெரிந்துகொள்வது நல்லது. கடுகு, முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி அடங்கிய குடும்பமும், பீட்ரூட், பாலக்கீரை அடங்கிய குடும்பமும் மைக்கோரைசாவோடு சேர்வதில்லை. இவற்றுக்கு மைக்கோரைசா இடுவது வீண் செலவு. டிரைக்கோடெர்மாவுக்கு அந்தத் தடை இல்லை. மணிச்சத்து உரத்தை அளவுக்கு மீறிக் கொட்டிய மண்ணில், செடி அழைப்பையே அனுப்பாது; பூஞ்சை குடியேறுவதும் குறையும். அடிக்கடி ஆழ உழுதால் மண்ணில் உள்ள இழைப்பின்னல் அறுந்துபோகும். பயிரே இல்லாமல் நெடுநாள் தரிசாகக் கிடக்கும் நிலத்தில் பூஞ்சை பட்டினியால் மெலியும்: ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நெடுந்தரிசுக்குப் பிறகு விதைத்த பயிர்கள் காரணம் புரியாமல் சோர்ந்து வளர்ந்தன, மைக்கோரைசா குறைந்ததே அதற்குக் காரணம் என்று 1980-களில் கண்டறிந்தார்கள். நிலத்தில் எப்போதும் ஏதாவது ஓர் உயிருள்ள வேர் இருக்கட்டும் என்று சொல்வதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

இடும் முறை

செடியே தன்னைக் காத்துக்கொள்ளத் தயாராக வேண்டும் என்றால், தயாராக அதற்கு நேரம் வேண்டும். வேரில் பூஞ்சை பரவிக் குடியேறச் சில வாரங்கள் ஆகும். ஆகவே நோய் தெரிந்த பிறகு மைக்கோரைசாவை ஊற்றிப் பயனில்லை. அதை இடும் நல்ல இடம் நாற்றங்காலும் குழித்தட்டும்தான். சிறிய இடத்தில் குறைந்த அளவில் இட்டால் போதும். நாற்று நடும்போதே வேரில் பூஞ்சையோடு வயலுக்குப் போகும். நேரடியாக விதைப்பவர்கள் விதைக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே படும்படி இட வேண்டும். முளைக்கும் வேர் அந்த அடுக்கைத் துளைத்துக்கொண்டு இறங்கும்போது பூஞ்சை ஒட்டிக்கொள்ளும். மேலாகத் தூவிவிட்டால் வேரும் பூஞ்சையும் சந்திக்காமலே போகலாம்.

டிரைக்கோடெர்மாவை விதைநேர்த்தியாகவும், நன்கு மட்கிய தொழுவுரத்தில் கலந்து மண்ணிலும் இடுகிறார்கள். விதைக்கு ஒரு கிலோவுக்கு 4 கிராம் என்பது பரவலான பரிந்துரை. ஆனால் தயாரிப்புக்குத் தயாரிப்பு செறிவு வேறுபடும் என்பதால் உறையில் அச்சிட்ட அளவைப் பின்பற்றுவதே சரி. கார்பன்டசிம் போன்ற பூஞ்சைக்கொல்லி பூசிய விதையில் டிரைக்கோடெர்மாவைப் பூசக் கூடாது. அந்த மருந்துக்கு நல்ல பூஞ்சை, கெட்ட பூஞ்சை என்ற பேதம் தெரியாது. காளான் வளர்க்கும் குடிலுக்கு அருகில் டிரைக்கோடெர்மாவைக் கொண்டுபோகவே வேண்டாம். காளானும் பூஞ்சைதான், பச்சைப்பூசணம் என்ற பெயரில் காளான் படுக்கைகளை அழிப்பது இதே இனத்தின் உறவினர்கள்.

கடைசியாக, வாங்கும் பொருளைப் பற்றி. மைக்கோரைசாவை உயிருள்ள வேரில்தான் பெருக்க முடியும் என்பதால், தயாரிப்பது கடினம், கெடுவது எளிது. பல நாடுகளில் சந்தையில் கிடைத்த மைக்கோரைசாத் தயாரிப்புகளை வாங்கிச் சோதித்த ஆய்வுகளில், உயிருள்ள வித்தே இல்லாதவை பல இருந்தன. தயாரித்த தேதி, காலாவதித் தேதி, எந்தப் பூஞ்சை, ஒரு கிராமில் எத்தனை வித்து என்ற விவரம் இல்லாத பொட்டலத்தை வாங்காமல் இருப்பது நல்லது. வாங்கியதை வெயிலில் வைக்காமல் நிழலில் வைத்து, காலாவதிக்கு முன் பயன்படுத்திவிட வேண்டும்.

இட்டது வேரில் பிடித்ததா என்று அறிய வழி இருக்கிறது. வேரை வெறும் கண்ணால் பார்த்தால் இது தெரியாது. பள்ளியிலோ வேளாண் கல்லூரியிலோ நுண்ணோக்கி கிடைத்தால் போதும். நட்டு ஐந்தாறு வாரம் ஆன செடியின் மெல்லிய பக்க வேர்களைக் கழுவி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சூடாக்கினால் செல்களின் உட்பொருள் கரைந்து வேர் கண்ணாடியாகத் தெளிந்துவிடும். இது தோலை அரிக்கும் கரைசல் என்பதால் கையுறையும் கண்ணாடியும் அணிந்து, ஆசிரியர் ஒருவர் உடனிருக்கச் செய்ய வேண்டும். தெளிந்த வேரை அலசி, வினிகரில் சில சொட்டுப் பேனா மை கலந்து அதில் சிறிது நேரம் கொதிக்கவைத்து, மீண்டும் வெறும் வினிகர் கலந்த நீரில் ஊறவைத்தால், வேர் வெளிறிப் பூஞ்சை மட்டும் நீலமாக நிற்கும். கண்ணாடித் தகட்டில் வைத்து, புறணிச் செல்களுக்கு நடுவே நீளவாட்டில் ஓடும் இழைகளையும், செல்லுக்குள் அடைத்துக்கொண்டிருக்கும் நுண்புதர்களையும் தேட வேண்டும். பத்துப் பதினைந்து வேர்த்துண்டுகளைப் பார்த்தும் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை என்றால், பொட்டலத்தில் உயிர் இல்லை, அல்லது மண்ணில் மணிச்சத்து மிகுந்திருக்கிறது, அல்லது அந்தப் பயிர் மைக்கோரைசாவோடு சேராத குடும்பம். இட்ட நாற்றையும் இடாத நாற்றையும் அருகருகே வைத்து இதே முறையில் சோதித்தால், நீலம் தெரிவது இட்ட பூஞ்சையாலா, மண்ணில் ஏற்கெனவே இருந்த பூஞ்சையாலா என்பதையும் ஓரளவு அறியலாம். இடாத நாற்றின் வேரும் நீலமாக நிறைந்திருந்தால் உங்கள் மண்ணிலேயே போதுமான பூஞ்சை இருக்கிறது. வாங்கி இட வேண்டிய தேவை இல்லை.